கழிமுகத்துக்கு ஏற்ற குட்டிக் கேமரா

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்குப் பின்னால், தண்ணீர் வற்றும் நேரத்தில் போய் நின்றால் சேறு முதலில் வெறும் சேறாகத்தான் தெரியும். ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால் அதற்கு உயிர் வரும். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெருத்த ஆண் நண்டுகள் வளையைவிட்டு வெளியே வந்து அந்தக் கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டும். அலையாத்தி இலைகளின் மேல் உப்பு பூத்து வெயிலில் மினுங்கும். செத்த சிப்பி ஓட்டைப் புரட்டினால் அரிசி மணியைவிடச் சிறிய ஆழிக் குஞ்சுகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். கத்திவாக்கத்துக்காரன் நான். இத்தனை வருடம் இதையெல்லாம் கண்ணால் பார்த்ததோடு சரி. படமாக என்னிடம் இருந்தவை அத்தனையும் மங்கல். அதனால் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ அடங்குகிற, கிட்டத்தில் கூர்மையாக எடுக்கிற ஒரு கேமரா தேடினேன். ஆறு மாதம், நான்கு கருவிகள். இதற்கென வாங்கியது ஒன்று, இரவல் இரண்டு, மற்றது ஃபோன். அந்தக் கதைதான் இது.

கூர்மை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு காரணம் சொல்கிறேன். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் 'காக்கா ஆழி' என்று மீனவர்கள் சொல்லும் ஒரு சிப்பியினம் அடிச்சேற்றைப் பாய் விரித்தாற்போல் மூடிக்கொண்டு வருகிறது. தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. இறால் மேயும் இடம் போகிறது, கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் பிழைப்பும் கூடவே போகிறது. வளர்ந்த காக்கா ஆழியை யாரும் அடையாளம் சொல்வார்கள். மூன்று மில்லிமீட்டர் குஞ்சாக இருக்கும்போது அது காக்கா ஆழியா, நம்மூர்ப் பச்சை ஆழியா என்று சொல்ல ஓட்டின் ஓரத்து நிறமும் மேலே ஓடும் வரியும் தெரிய வேண்டும். மங்கிய படத்தில் இரண்டும் கறுப்புப் பொட்டுதான்.

முதலில் பரிசோதனை முறை. எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் விம்கோ நகர். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரால் அமைந்த ஊர். அதனாலோ என்னவோ, சோதனை அட்டையாக எனக்கு முதலில் தோன்றியது தீப்பெட்டிதான். யோசித்துப் பார்த்தால் அதைவிட நல்லது கிடைக்காது. அகலம் சுமார் ஐந்து சென்டிமீட்டர் என்பதால், படச்சட்டத்தில் எவ்வளவு அடங்குகிறது என்று உடனே தெரியும். மேலே ஒட்டிய படம் பல நிறப் புள்ளிகளால் அச்சானது; அந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிகிறதா, கலங்குகிறதா என்பதில் லென்ஸின் யோக்கியதை வெளிப்பட்டுவிடும். நடுவில் தெரிந்து ஓரத்தில் கலங்கினால் அதுவும் செய்தி. கடைக்குப் போகிறவர்கள் பையில் ஒரு தீப்பெட்டியோடு போகலாம். விற்பவர் காட்டும் பூச்சாடிப் படத்தை நம்ப வேண்டியதில்லை.

இனி அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண். 'மேக்ரோ 1 செ.மீ.', 'மேக்ரோ 5 செ.மீ.' என்று இருக்கும். ஒன்று ஐந்தைவிட நல்லது என்று நினைத்துத்தான் பலரும் வாங்குகிறோம். அந்த எண் சொல்வது, லென்ஸின் முகத்திலிருந்து எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்பதை மட்டுமே. பொருள் சட்டத்தில் எவ்வளவு பெரிதாக விழும் என்பதை அது சொல்லாது. பெரும்பாலான காம்பாக்ட் கேமராக்களில் அந்தக் கிட்டத் தூரம் ஜூமை முழுக்க உள்ளே இழுத்து, அகலக் கோணத்தில் வைத்தால்தான் கிடைக்கும். ஜூம் செய்தவுடன் பின்னால் போகச் சொல்லும். நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2 இதற்கு நல்ல உதாரணம். ஒரு அங்குல வகை சென்சார், 20.1 மெகாபிக்சல், எஃப் 1.8 முதல் 2.8 வரை திறக்கும் லென்ஸ். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் அருமையான கருவி. அகலக் கோணத்தில் 5 செ.மீ. வரை நெருங்கலாம். முழு ஜூமில் 40 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன்: தீப்பெட்டி முழுதாக அடங்கி, ஓரத்தில் இன்னும் இடம் இருந்தது. அதாவது மூன்று மில்லிமீட்டர் ஆழிக் குஞ்சு அந்தச் சட்டத்தின் அகலத்தில் இருபதில் ஒரு பங்குகூட வராது. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையிலும் இதே நிலைதான். பெரிய சென்சார், பெரிய திறப்பு உள்ள குட்டி கேமராக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான கட்டுப்பாடு இது. யாருடைய குறையும் இல்லை. பூ, நகை, சாப்பாட்டுத் தட்டு எடுக்க இவை போதும், மிக நன்றாகவே போதும். ஆழிக் குஞ்சுக்குப் போதாது.

நான் வாங்கியது ஒலிம்பஸ் டஃப் டிஜி-6. 2019இல் வந்த மாடல், பழையது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மச்சான் அங்கே ஒருவரிடமிருந்து வாங்கிக் கொண்டுவந்தான். காகிதத்தில் பார்த்தால் இதன் எண்கள் யாரையும் மயக்காது: 12 மெகாபிக்சல், விரல் நகத்தைவிடச் சிறிய 1/2.33 அங்குல சென்சார், 25–100 மி.மீ.க்குச் சமமான நான்கு மடங்கு ஜூம், 253 கிராம். ஆனால் சுழற்றும் பொத்தானில் மைக்ராஸ்கோப் என்று ஒரு நிலை இருக்கிறது. அதில் வைத்தால், ஜூம் முழுவதிலும், நான்கு மடங்கு இழுத்த பிறகும், லென்ஸிலிருந்து 1 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும். மேலே சொன்ன பொதுவிதியை மீறுகிற இடம் இது. முழு ஜூமில் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். சட்டத்தின் அகலத்துக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் கோடுகள் மட்டும் நின்றன. தீப்பெட்டியின் பக்கவாட்டில் உரசும் பட்டையை எடுத்தபோது கரடுமுரடான மலைச்சரிவு போல இருந்தது. மேலே ஒட்டிய படத்தில் அச்சுப் புள்ளிகள் ஒவ்வொன்றும் பொரித்த கடுகு மாதிரி தனித்தனியாக நின்றன.

முதல் நாளே ஆழிக் குஞ்சை எடுத்தேன். ஓட்டில் அலை அலையாக ஓடிய வரி தெரிந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது சாப்பாடு ஆறிப்போனது கவனத்தில் இல்லை.

12 மெகாபிக்சல் போதுமா என்று கடைக்காரர்கள் கேட்பார்கள், சொந்தக்காரர்களும் கேட்பார்கள். இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்பது நல்லது. ஒளி ஒரு துளை வழியே போகும்போது பரவும். எந்த லென்ஸாலும் ஒரு புள்ளியைப் புள்ளியாகவே வைக்க முடியாது, ஒரு சிறு வட்டமாகத்தான் விழும். பச்சை ஒளிக்கு எஃப் 2.8இல் அந்த வட்டத்தின் குறுக்களவு சுமார் 3.8 மைக்ரான். இந்தக் கேமரா முழு ஜூமில் திறப்பது எஃப் 4.9, அங்கே வட்டம் 6.6 மைக்ரான். இந்த சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 1.5 மைக்ரான்தான். ஒரே புள்ளி நான்கு பிக்சல் மீது படர்ந்து உட்காருகிறது என்று அர்த்தம். இதே அளவு சென்சாரில் 20 மெகாபிக்சலைத் திணித்தால் பிக்சல் சுமார் 1.2 மைக்ரானாகச் சுருங்கும். புள்ளி இன்னும் அதிகமான பிக்சல்கள் மீது படரும். புதிதாக எந்த விவரமும் வராது, ஃபைல் மட்டும் பெருக்கும். அதனால் நெருக்கப் படத்துக்காகச் சிறிய சென்சார் கேமரா வாங்குபவர் மெகாபிக்சலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். இதை நான் அடித்துச் சொல்வேன்.

சிறிய சென்சாரில் ஒரு லாபமும் உண்டு. கிட்டத்தில் எடுக்கும்போது கூர்மையாக இருக்கும் ஆழம் மயிரிழை அளவுதான். கண் தெளிந்தால் கால் கலங்கும். சென்சார் சிறிதாக ஆக அந்த ஆழம் கொஞ்சம் கூடும். மீதியை டிஜி-6 வேறு வழியில் ஈடுகட்டுகிறது: ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, தெளிவான பாகங்களை மட்டும் சேர்த்து ஒரே படமாகத் தந்துவிடும். மூன்று முதல் பத்துப் படங்கள் வரை நாம் சொல்லலாம். கணினியில் உட்கார்ந்து நாமே சேர்க்க விரும்பினால் முப்பது வரை தனித்தனியாக எடுத்துக் கொடுக்கும். அலையாத்தி இலையின் உப்பை நான் பத்துப் படச் சேர்க்கையில்தான் எடுத்தேன். இலைக்குள் வந்த உப்பை மரம் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளுகிறது. காய்ந்ததும் அது கட்டமான பளிங்குத் துண்டுகளாக நிற்கிறது. விளிம்பு விளிம்பாகத் தெரிந்தது. உயிருள்ளவற்றுக்கு இந்த வித்தை செல்லாது. நண்டு கண்ணைத் திருப்பினால் படத்தில் நான்கு கண் வந்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். கூர்மைக்குப் பெரிய எதிரி இதுதான், லென்ஸ் அல்ல. ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் கேமராவின் உடம்பே பொருளின் மேல் நிழலாகக் கவிழ்கிறது. மத்தியான வெயிலில்கூட அந்த ஒரு சென்டிமீட்டர் இடுக்கு இருட்டுதான். இருட்டானால் ஷட்டர் மெதுவாகும், கை நடுக்கம் பதிவாகும். இதற்கென எல்ஜி-1 என்று ஒரு வளையம் தனியாக விற்கிறார்கள். கேமராவின் முன்பக்கத்தில் இருக்கும் சிறு விளக்கின் ஒளியை வாங்கி, லென்ஸைச் சுற்றி வட்டமாகப் பரப்புகிறது. பேட்டரி கிடையாது, மின்சாரம் கிடையாது, வெறும் பிளாஸ்டிக் வளையம். இது இல்லாமல் டிஜி வரிசையை வாங்குவது, திரி இல்லாமல் விளக்கு வாங்குவது. ரிக்கோ டபிள்யூஜி-6இல் இந்த வேலைக்கு லென்ஸைச் சுற்றி ஆறு சிறு விளக்குகள் உடம்போடு சேர்ந்தே வருகின்றன. அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் நான் அதைச் சேற்றில் வைத்துப் பார்க்கவில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

டிஜி-6இல் ஷட்டர் வேகத்தை நாமே குறிக்கும் வழி இல்லை. திறப்பை நாம் வைத்தால் வேகத்தை அதுவே முடிவு செய்யும். கொஞ்சம் அனுபவம் உள்ளவர்களுக்கு இது உறுத்தும். நான் ஐஎஸ்ஓவை 400இல் நிறுத்தி, வளைய விளக்கைப் போட்டு, முழங்கையை மணல் நிரப்பிய துணிப்பை மேல் ஊன்றி, இரண்டு நொடி டைமரில் எடுக்கிறேன். ஐந்து மில்லிமீட்டர் அகலச் சட்டத்தில் பொத்தானை அமுக்குவதே ஒரு நிலநடுக்கம். மூச்சைப் பிடிக்க வேண்டும். 800க்கு மேல் ஐஎஸ்ஓ போனால் சிறிய சென்சாரில் புள்ளிக்கூட்டம் கிளம்பி, நுண்ணிய விவரத்தைத் தின்றுவிடும்.

நண்டுக் கதைக்கு வருகிறேன். சேற்றில் குப்புறப் படுத்து ஒரு நண்டு வளையின் வாசலில் கேமராவை நீட்டிக்கொண்டு கிடந்தேன். வலையை உதறிக்கொண்டு வந்த அண்ணன் ஒருவர் நின்று பார்த்தார்.

"இன்னா தம்பி, சேத்துல மூஞ்ச வெச்சுக்கினு என்னாத்தப் பாக்குற?"

"நண்டு வெளிய வரும்ண்ணே. படம் எடுக்கணும்."

"உன் நெழலு அது மேல வுழுது. பொழுது சாயற வரிக்கும் கெடந்தாலும் வராது."

அவர் சொன்னதுதான் நடந்தது. ஒரு சென்டிமீட்டர் தூரம் என்பது ஓடாத பொருளுக்கு மட்டும். ஆழி, வேர், உப்பு, செத்த ஓடு, நண்டு உருட்டிப் போட்ட மண்ணுருண்டை ஆகியவற்றுக்கு டிஜி-6 போல இன்னொன்றை நான் பார்க்கவில்லை. உயிருள்ள நண்டுக்கோ, சேற்றில் தாவும் மீனுக்கோ அது வழியில்லை. அதற்கு வேண்டியது எதிர்த் திசை: தள்ளி நின்று பெரிதாக்குவது.

அதற்காக இரவல் வாங்கிய மூன்றாவது கருவி பானசோனிக் எஃப்இசட்300. இதைக் காம்பாக்ட் என்று சொல்ல முடியாது, தோளில் தொங்கும். ஆனால் 25–600 மி.மீ.க்குச் சமமான ஜூமில் கடைசிவரை எஃப் 2.8 திறக்கும், தூசும் தண்ணீர்த் தெறிப்பும் தாங்கும், லென்ஸின் வாயில் 52 மி.மீ. மரை உண்டு. அதன் மேல் ரேநாக்ஸ் டிசிஆர்-150 என்ற 4.8 டயாப்டர் கண்ணாடியைக் கவ்வ வைத்தேன். நெருக்கத்துக்கான மூக்குக் கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிது: 1000ஐ 4.8ஆல் வகுத்தால் 208. கேமரா எவ்வளவு ஜூம் செய்தாலும் சுமார் 20 செ.மீ. தள்ளி நின்று எடுக்கலாம். முழு ஜூமில் சட்டத்தின் அகலம் 12 மி.மீ. அளவுக்கு வரும். நண்டின் கண் காம்பு இரண்டும், வாயருகே உருளும் சேறும் அதில் நிறைந்து நின்றன. ஒரு சாண் தூரத்தை நண்டு அவ்வளவு எளிதில் பொறுக்காது. அசையாமல் அரை மணி கிடந்தால் பொறுத்துக்கொள்கிறது. இப்படி ஒட்டுப்போட்ட ஏற்பாடு ஒன்றும் புதிதில்லை. நம் மா. கிருஷ்ணன் தானே பாகங்களைக் கோத்து அமைத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்து, அதைத் தூக்கிக்கொண்டு காடு காடாக அலைந்து யானைகளை எடுத்தவர்.

நான்காவது, கையில் எப்போதும் இருப்பது: ஃபோன். விலை மலிந்த ஃபோன்களில் தனியாக வைக்கும் 2 மெகாபிக்சல் மேக்ரோ லென்ஸ் பெயருக்குத்தான். அதன் ஃபோகஸ் பெரும்பாலும் நிலையானது, நாம்தான் முன்னும் பின்னும் ஆட வேண்டும். உயர் விலை ஃபோன்களில் அகலக் கோண லென்ஸே கிட்டத்தில் ஃபோகஸ் ஆகிறது. 2021இல் வந்த ஐபோன் 13 ப்ரோ 2 செ.மீ. வரை நெருங்கியது. அந்த வகையில் எடுத்த அலையாத்தி இலைப் படம் எனக்குப் பிடித்தே இருந்தது. ஆனால் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஃபோனை உப்புச் சேற்றில், விரலெல்லாம் களிமண்ணாக, ஓட்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் தூரத்தில் பிடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்த உப்புதான் கடைசியில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எங்கள் பகுதியில் ஜன்னல் கம்பியே நான்கு வருடத்தில் உதிர்கிறது. லென்ஸ் நீண்டு வெளியே வரும் கேமராவில் அந்த இடுக்கு வழியே மணலும் உப்பும் உள்ளே போகும். முன்பு என்னிடம் இருந்த ஒன்று (பெயர் வேண்டாம்) பாதி நீண்ட லென்ஸோடு நின்றே போனது. டிஜி-6இல் லென்ஸ் வெளியே வராது, ஜூம் எல்லாம் உடம்புக்குள்ளேயே நடக்கிறது. 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும் என்பது கம்பெனி கணக்கு. அதற்காக அலட்சியம் கூடாது. பேட்டரிக் கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு மணல், ஒரு தலைமுடி இருந்தால் போதும், உள்ளே கசிய. கதவைச் சேற்றில் நின்று திறக்கவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் வாளியில் பத்து நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, நிழலில் காயவைத்துப் பிறகுதான் திறக்க வேண்டும். கூடுதலாக ஒரு பேட்டரி வாங்கி, கிளம்பும்போதே நிறையச் சார்ஜ் போட்டதைப் போட்டுக்கொண்டால் நடுவில் திறக்க வேண்டி வராது. ஒரு சார்ஜுக்கு 340 படம் என்கிறார்கள், விளக்கைப் போட்டு எடுத்தால் குறையும்.

2023இல், ஒலிம்பஸ் என்பதற்குப் பதில் ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில், இதன் அடுத்த மாடல் டிஜி-7 வந்தது. அமெரிக்காவில் அறிமுக விலை 550 டாலர். சென்சாரும் லென்ஸும் அதேதான். யுஎஸ்பி-சி வந்ததும் பிடிமானம் கொஞ்சம் கூடியதும் பெரிய மாற்றங்கள். நல்ல நிலையில் டிஜி-6 கிடைத்தால், மிச்சக் காசுக்கு வளைய விளக்கையும் ஒரு பேட்டரியையும் சேர்த்து வாங்குவதே என் யோசனை. பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ பழையது பார்த்தால் மூன்று விஷயம் பாருங்கள்: இரண்டு கதவுகளின் ரப்பர், லென்ஸுக்கு முன்னால் உள்ள கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்த தடம், பிறகு அந்தத் தீப்பெட்டி.

நான் எதிர்பார்க்காத படம் ஒன்று உண்டு. கரையோரம் நுரையோடு ஒதுங்கிக் கிடந்த சாம்பல் படலத்தைக் கொஞ்சம் கறுப்புக் காகிதத்தில் வழித்து, மைக்ராஸ்கோப் நிலையில் வைத்தேன். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரியும்போது சாம்பல் உருகி, காற்றிலேயே குளிர்ந்து கண்ணாடி உருண்டைகளாகிறது. உள்ளே கூடாக இருப்பவை தண்ணீரில் மிதக்கும். அவற்றில் பல 0.1 மி.மீ. அளவுக்கு வரும். இந்தக் கேமராவில் அது எழுபது பிக்சல் அகலம். திரையில் பாசிமணி சிதறியது போல வெள்ளையாக, உருண்டையாக, ஒவ்வொன்றின் மேலும் வளைய விளக்கின் பிம்பம் சின்ன வட்டமாகத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து காலில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த தூசு.

அந்த அண்ணனிடம் படங்களைக் காட்டினேன். சாம்பலைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை. ஆழிக் குஞ்சுப் படத்தில் நின்றார். திரையை விரலால் தடவி, ஓட்டின் வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது காக்கா ஆழிதான். இவ்ளோ சின்னதுலயே தெரியுது பாரு. தம்பி, இத்த பெருசா நாலு காப்பி போட்டுக் குடு. மனுவோட வெக்கணும். ஆனா பக்கத்துல ஒரு தீக்குச்சி வெச்சு எடு. இல்லன்னா எவ்ளோ சின்னதுன்னு ஆபீசுல நம்ப மாட்டானுங்க."

அடுத்த வற்றத்துக்கு, தீக்குச்சியோடு போனேன்.